இருட்டானா தானா எரியற லைட்டு: எலக்ட்ரானிக்ஸ் கைவேலை ஆரம்பிக்கறவங்களுக்கு

எலக்ட்ரானிக்ஸ்ல இறங்கற பசங்க நெறைய பேருக்கு முதல் ஆசையே ரோபோதான். பெரிய கிட்டா ஒண்ணு வாங்கி, வீடியோல காட்டற மாதிரியே ஒயரைச் சொருகி, கோடை (போர்டுக்கு எழுதற புரோகிராமை) அப்படியே காப்பி பண்ணிப் போட்டு, ஓடலைன்னதும் தப்பு எங்க இருக்குன்னே தெரியாம டப்பாவை மூடி ஓரமா வச்சுடறாங்க. ஓடிட்டாலும் பெருசா ஒண்ணும் கத்துக்கிட்டதா ஆகாது, அது வேற கதை. அதனால இங்க ரோபோ கிடையாது. இருட்டானா தானா எரிஞ்சு, வெளிச்சம் வந்தா தானா அணையற லைட்டு, அவ்ளோதான். ஆனா ஒவ்வொரு சாமானையும் தனித்தனியா ஓட்டிப் பார்த்து, அது என்ன நம்பர் குடுக்குதுன்னு கண்ணால பார்த்துட்டு, அப்புறம்தான் ஒண்ணோட ஒண்ணு சேர்க்கப் போறோம். பத்து வயசுக்கு மேல யார் வேணா பண்ணலாம், சின்னப் பசங்கன்னா பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்.

முதல் சர்க்யூட்டுக்கு போர்டே வேண்டாம்

போர்டை, அதாவது நம்ம புரோகிராமை ஓட்டற குட்டி கம்ப்யூட்டரை, தொடறதுக்கு முன்னாடி ஒரு சிஆர்2032 காயின் பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி, ஒரு நீல எல்இடி எடுத்துக்கோங்க. எல்இடிக்கு ரெண்டு கால், அதுல நீளமான கால் பிளஸ். பேட்டரியை ரெண்டு காலுக்கும் நடுவுல நுழைச்சு, நீளக் கால் பிளஸ் போட்ட பக்கத்தைத் தொடற மாதிரி அழுத்துங்க, எரியும். திருப்பி வச்சா எரியாது, கெட்டும் போகாது. எல்இடிங்கறது ஒரு வழிப் பாதைங்கறது இந்த ஒரு நிமிஷத்துல மனசுல பதிஞ்சுடும்.

இப்போ அதே பேட்டரில சிவப்பையும் நீலத்தையும் பக்கத்துல பக்கத்துல சேர்த்து வைங்க. சிவப்பு மட்டும்தான் எரியும். நீலம் செத்துப் போச்சோன்னு நினைச்சு சிவப்பை எடுத்தா உடனே நீலம் எரிய ஆரம்பிக்கும். சிவப்பு எல்இடிக்கு கிட்டத்தட்ட 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட் பக்கம் வேணும். ரெண்டும் சேர்ந்து இருக்கறப்போ சிவப்பு வோல்டேஜை 2 கிட்ட இழுத்துப் பிடிச்சுடுது, நீலத்துக்கு அது பத்தாது. இந்த ரெண்டு நம்பரையும் ஞாபகம் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல ரெசிஸ்டர் (கரண்ட்டைக் கட்டுப்படுத்தற தடை) கணக்குக்கு தேவைப்படும்.

இங்க ரெசிஸ்டர் இல்லாமயே எல்இடி தப்பிச்சதுக்குக் காரணம், காயின் பேட்டரிக்கு உள்ளேயே தடை அதிகம், நெறைய கரண்ட்டை அதால தள்ள முடியாது. அதே தைரியத்துல யூஎஸ்பியோட 5 வோல்ட்ல நேரா சொருகினீங்கன்னா எல்இடி போயிடும். இன்னொண்ணு, இந்த பேட்டரியை குட்டிப் பசங்க கைக்கு எட்டற மாதிரி எங்கேயும் போட்டு வைக்காதீங்க. முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயை அரிச்சுப் புண்ணாக்கிடும், விளையாட்டு இல்ல.

எந்த போர்டு?

இதுக்கு ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேண்டாம். சின்ன வகுப்புப் பசங்கன்னா மைக்ரோபிட் நல்லது. 2016ல பிபிசி பிரிட்டன் பள்ளிப் பசங்களுக்காகக் கொண்டு வந்தது, போர்டு மேலயே 25 எல்இடி, ரெண்டு பட்டன், அசைவைக் கண்டுபிடிக்கற சென்சார் எல்லாம் இருக்கறதால ஒரு ஒயர் கூட சொருகாம முதல் புரோகிராம் ஓட்டிடலாம், கோடும் பிளாக்கை இழுத்து ஒட்டற மாதிரிதான். பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு ராஸ்பெர்ரி பை பிகோ. மத்த எல்லாருக்கும் ஆர்டுயினோ ஊனோ, ஏன்னா 2005ல இத்தாலில ஆரம்பிச்சதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் நீங்க எந்த சந்தேகத்தைத் தேடினாலும் அதை ஏற்கனவே யாரோ கேட்டிருப்பாங்க. நான் கீழ சொல்றது எல்லாம் ஊனோவை வச்சுதான், ஆனா விஷயம் எல்லா போர்டுக்கும் பொது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஊனோ 5 வோல்ட், மைக்ரோபிட்டும் பிகோவும் 3.3 வோல்ட். 5 வோல்ட் குடுக்கற சென்சாரை 3.3 வோல்ட் போர்டோட பின்ல (ஒயர் சேர்க்கற இடத்துல) நேரா சொருகினா பின் பாழாகலாம்.

கையில போர்டே இல்லன்னாலும் டிங்கர்கேட், வோக்வி மாதிரி சிமுலேட்டர்ல, அதாவது கம்ப்யூட்டர் திரையிலேயே சர்க்யூட்டைப் போட்டு, ஓட்டிப் பார்க்கலாம். கோடு பழக அது நல்லாவே உதவும். ஆனா லூஸ் ஒயரையும் செத்த பேட்டரியையும் சிமுலேட்டர் காட்டாது, பாதிப் பாடம் அங்கதான் இருக்கு, அதனால அதோட நிறுத்திக்காதீங்க.

பிரெட்போர்டு, ரெசிஸ்டர்

பிரெட்போர்டுங்கறது பத்த வைக்காம ஒயரைச் சொருகியே சர்க்யூட் போடற, ஓட்டை போட்ட பலகை. அதுல நடுவுல ஒரு பள்ளம் ஓடும். அதுக்கு ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு ஓட்டையா இருக்கறது உள்ளுக்குள்ள ஒரே தகடு, அந்த அஞ்சுல எதுல சொருகினாலும் ஒண்ணுதான். பள்ளத்தைத் தாண்டி இணைப்பு கிடையாது. ஓரத்துல நீளமா போற சிவப்பு, நீலக் கோடுகள் பவருக்கு. சில பெரிய போர்டுல இந்த பவர் லைன் பாதிலேயே துண்டா இருக்கும், மேல் பாதில கரண்ட் வரும் கீழ் பாதில வராது. அந்த சிவப்பு, நீலக் கோடு நடுவுல விட்டுப் போயிருக்கான்னு பாருங்க, இருந்தா ஒரு சின்ன ஒயர் போட்டு சேர்த்துடுங்க. எல்இடியோட ரெண்டு காலையும் ஒரே அஞ்சு ஓட்டை வரிசைல சொருகிட்டு எரியலையேன்னு உக்காந்திருக்கறதை ஒவ்வொரு வகுப்புலயும் பார்க்கலாம், அது ரெண்டு காலையும் நேரா சேர்த்துக் கட்டின மாதிரிதான்.

இப்போ ரெசிஸ்டர். போர்டு குடுக்கறது 5 வோல்ட், சிவப்பு எல்இடி எடுத்துக்கறது 2, மீதி 3 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கணும். 470 ஓம் போட்டா 3 ÷ 470, அதாவது சுமார் 6.4 மில்லி ஆம்ப் ஓடும். எல்லா இடத்துலயும் 220 ஓம்னு எழுதியிருக்கும், அதுல 13.6 மில்லி ஆம்ப் வரும், பழைய ஊனோவுக்கு அது பரவாயில்ல, ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்ப் வரைக்கும் எடுக்கலாம். ஆனா 2023ல வந்த ஊனோ ஆர்4ல ஒரு பின்னுக்கு 8 மில்லி ஆம்ப்தான் எல்லை. அதனால என்னைக் கேட்டா 470ஓ 1 கிலோ ஓமோ போட்டுப் பழகிடுங்க, இப்போ வர்ற எல்இடிக்கு அந்த வெளிச்சமே கண்ணைக் கூசும்.

நிறக்கோடு: 470க்கு மஞ்சள், ஊதா, பிரவுன். 1 கிலோ ஓமுக்கு பிரவுன், கறுப்பு, சிவப்பு. 10 கிலோ ஓமுக்கு பிரவுன், கறுப்பு, ஆரஞ்சு. கடைசி ரெண்டுலயும் மூணாவது கோடுதான் வித்தியாசம், மங்கலான வெளிச்சத்துல அந்த சிவப்பும் ஆரஞ்சும் ஒரே மாதிரி தெரியும். ஓம், வோல்ட் எல்லாம் அளக்கற சின்ன மல்டிமீட்டர் ஒண்ணு இருந்துட்டா அளந்து பார்த்துட்டு போடலாம். கிட்டுல இருக்கற பாதி சென்சாரை விட மல்டிமீட்டர் முக்கியம்னு நான் சொல்லுவேன்.

ஒயர் நிறமும் முக்கியம். பிளஸ்ஸுக்கு சிவப்பு, கிரவுண்டுக்கு (மைனஸ் பக்கத்துக்கு) கறுப்பு, சிக்னலுக்கு வேற எது வேணா. ஆரம்பத்துல அலட்சியமா தோணும், பத்து ஒயர் சேர்ந்ததும் அருமை தெரியும். அப்புறம், ஒயரை மாத்தறப்போ எல்லாம் யூஎஸ்பியைக் கழட்டிட்டுதான் மாத்தணும்.

எல்இடியை மினுக்க வைக்கறது

இது சீக்கிரம் முடிஞ்சுடும். போர்டை யூஎஸ்பில மாட்டி, ஆர்டுயினோ ஐடிஇல (கோடை எழுதி போர்டுக்கு அனுப்பற சாஃப்ட்வேர்) எக்ஸாம்பிள்ஸ்ல இருக்கற பிளிங்க் புரோகிராமை அப்லோட் பண்ணுங்க, போர்டுலயே 13ஆம் பின்னோட சேர்ந்த குட்டி லைட்டு மினுக்கும். போர்ட் லிஸ்ட்லயே போர்டு தெரியலைன்னா முதல் சந்தேகம் கேபிள் மேலதான் வரணும், சார்ஜ் மட்டும் பண்ற கேபிள்ல டேட்டா ஒயரே இருக்காது. வேற கேபிள் போட்டும் தெரியலைன்னா, நெறைய குளோன் போர்டுல (வேற கம்பெனிங்க அதே மாதிரி செஞ்சது) சிஎச்340ன்னு ஒரு சிப் இருக்கும், அதுக்கு டிரைவர் இன்ஸ்டால் பண்ண வேண்டி வரலாம்.

அது ஓடினதும் 8ஆம் பின்ல இருந்து 470 ஓம், அங்கிருந்து எல்இடியோட நீளக் கால், குட்டைக் கால் கிரவுண்டுக்கு. கோட்ல பின் நம்பரை மட்டும் மாத்துங்க. 0, 1 ரெண்டு பின்னையும் காலியா விட்டுடுங்க, கம்ப்யூட்டரோட பேசறதுக்கு பழைய ஊனோ அதைத்தான் பயன்படுத்துது, அதுல எதையாவது சொருகினா அப்லோடே சில சமயம் ஃபெயில் ஆகும்.

பட்டன்: சின்ன சாமான், பெரிய பாடம்

லைட்டுக்கு பட்டன் எதுக்குன்னு கேப்பீங்க. வெளிச்சத்தை நம்பாம கையாலயும் ஆன் பண்ண வேணும், அதை விட முக்கியமா, இன்புட்னா என்னன்னு பட்டன் சொல்லித் தர்ற மாதிரி வேற எதுவும் சொல்லித் தராது.

முதல்ல பட்டனே இல்லாம ஒரு ஒயரை மட்டும் 2ஆம் பின்ல சொருகி, இன்னொரு முனையைச் சும்மா விட்டுட்டு, அந்தப் பின்ல வர்ற மதிப்பை சீரியல் மானிட்டர்ல (போர்டு அனுப்பறதைக் கம்ப்யூட்டர்ல காட்டற ஐடிஇ ஜன்னல்) பிரிண்ட் பண்ணுங்க. 0, 1, 1, 0ன்னு இஷ்டத்துக்கு வரும். ஒயர்கிட்ட கையைக் கொண்டு போங்க, இன்னும் மாறும். எங்கேயும் சேராத பின் காத்துல ஆடற கதவு மாதிரி, சுத்தி இருக்கற மின்சார இரைச்சல் எல்லாம் அதை ஆட்டும். இதுக்குப் பேரு ஃப்ளோட்டிங். பின்னை ஏதாவது ஒரு பக்கம் கட்டி வைக்கணும், அதுக்கு ஊனோ உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கு. பின்மோடு கட்டளைல இன்புட்னு போடறதுக்குப் பதிலா இன்புட் புல்அப்னு போட்டா போதும், சும்மா இருக்கறப்போ பின் 1லயே நிக்கும். பட்டனோட ஒரு கால் பின்னுக்கு, இன்னொரு கால் கிரவுண்டுக்கு. அழுத்தினா 0, விட்டா 1. தலைகீழா இருக்கேன்னு தோணும், பழகிடும்.

பட்டனுக்கு நாலு கால், ஆனா ரெண்டு ரெண்டு கால் உள்ள எப்பவுமே சேர்ந்திருக்கும். தப்பான ரெண்டு காலைப் பிடிச்சுட்டா அழுத்தாமலே அழுத்தின மாதிரி காட்டும். எந்தெந்தக் கால் ஜோடின்னு மூளையைக் கசக்காம, மூலைக்கு மூலை குறுக்கால இருக்கற ரெண்டு காலை எடுத்துக்கோங்க, அது தப்பவே தப்பாது.

இனிமேதான் சுவாரசியம். அழுத்தறப்போ எல்லாம் ஒரு எண்ணைக் கூட்டி பிரிண்ட் பண்ற மாதிரி எழுதுங்க. முதல்ல அப்படியே எழுதினா, பட்டனை ஒரு தடவ தொட்டதுக்கே எண்ணிக்கை எகிறிப் போயிடும், ஏன்னா நீங்க விரலை எடுக்கறதுக்குள்ள போர்டு அந்த லூப்பை (திரும்பத் திரும்ப ஓடற கோடை) எத்தனையோ சுத்து சுத்திடுது. அதனால "போன தடவ 1, இந்த தடவ 0" அப்படிங்கற மாற்றம் நடந்தா மட்டும் கூட்டுங்க. இப்போ 1, 2, 3ன்னு ஒழுங்கா வரும், நடுவுல திடீர்னு 3க்கு அப்புறம் ஒரே அழுத்துல 5க்குத் தாவும். கோடு தப்பு இல்ல. பட்டன் உள்ள இருக்கற தகடு ஒரே தடவையா ஒட்டாது, சில மில்லி செகண்டுக்கு துள்ளித் துள்ளி ஒட்டும், நம்ம கண்ணுக்குத் தெரியாத அந்தத் துள்ளல் எல்லாம் போர்டுக்குத் தெரியும். ஒரு மாற்றத்தைப் பார்த்ததும் 30 மில்லி செகண்ட் வேற எதையும் கண்டுக்காதேன்னு சொல்லிட்டா சரியாயிடும். இதை டிபௌன்ஸ்னு சொல்லுவாங்க. இதுக்கு யாரோ எழுதி வச்ச ரெடிமேட் கோடு, அதாவது லைப்ரரி, இருக்கு, ஆனா ஒரு தடவயாவது அந்தத் தாவலைக் கண்ணால பார்த்துட்டு அப்புறம் லைப்ரரிக்குப் போங்க.

எல்டிஆர்: வெளிச்சத்தை நம்பரா மாத்தறது

எல்டிஆர்ங்கறது வெளிச்சம் பட்டா தடை குறையற ரெசிஸ்டர். நல்ல வெளிச்சத்துல 1 கிலோ ஓம் பக்கம் இருக்கும், இருட்டுல 100 கிலோ ஓமைத் தாண்டி எங்கேயோ போயிடும். போர்டுக்கு ஓம் அளக்கத் தெரியாது, வோல்டேஜ் மட்டும்தான் தெரியும். அதனால எல்டிஆரோட ஒரு சாதா ரெசிஸ்டரைச் சேர்த்து, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வோல்டேஜை அளப்போம். 5 வோல்ட்ல இருந்து எல்டிஆர், அதோட மறு காலும் 10 கிலோ ஓமும் சேர்ற இடத்துல இருந்து ஏ0 பின்னுக்கு ஒரு ஒயர், 10 கிலோ ஓமோட மறு முனை கிரவுண்டுக்கு.

ஊனோ 0ல இருந்து 5 வோல்ட் வரைக்கும் 0ல இருந்து 1023ன்னு நம்பரா மாத்திக் குடுக்கும். எல்டிஆர் 1 கிலோ ஓமா இருக்கறப்போ 5 வோல்ட்ல 11ல 10 பங்கு கீழ இருக்கற 10 கிலோ ஓம்ல நிக்கும், அதாவது 930 வரும். 10 கிலோ ஓமா இருந்தா சரிபாதி, 512 கிட்ட. 100 கிலோ ஓமா ஆனா 93. இந்தக் கணக்கை ஒரு தடவ பேப்பர்ல போட்டுப் பாருங்க, 10 கிலோ ஓம் ஏன் போட்டோம்னு தானா புரியும்: வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவுல இருக்கற மதிப்பைத் தேர்ந்தெடுத்தா நம்பர் ரெண்டு பக்கமும் நல்லா நகரும். 100 ஓமைப் போட்டா இருட்டுலயும் சாயங்காலத்துலயும் ரெண்டுமே பூஜ்யத்துக்குப் பக்கத்துலயே கிடக்கும், வித்தியாசமே தெரியாது.

இப்போ எல்இடியை மறந்துடுங்க. நம்பரை மட்டும் செகண்டுக்கு நாலு தடவ பிரிண்ட் பண்ணி வச்சுட்டு, கையால எல்டிஆரை மூடுங்க, திறங்க, ஜன்னல் பக்கம் காட்டுங்க, லைட்டை ஆஃப் பண்ணிப் பாருங்க, வந்த நம்பரை எல்லாம் நோட்டுல எழுதுங்க. பகல், சாயங்காலம், இருட்டு, விரலால மூடினது. வீடியோல ஒருத்தர் 500க்குக் கீழ போனா இருட்டுன்னு எழுதியிருப்பாரு, அது அவர் எல்டிஆருக்கும் அவர் ரூமுக்கும் சரி. உங்க நம்பர் உங்க நோட்டுலதான் இருக்கு. பசங்க இந்த இடத்தைத்தான் எப்பவும் தாண்டிக் குதிச்சுடறாங்க, அப்புறம் லைட்டு எரியாததுக்கு கோடைத் திட்டறாங்க.

நோட்டுல சாயங்காலம் 350ன்னு இருக்குன்னு வச்சுக்குவோம். ஏ0 350க்குக் கீழ போனா எல்இடி ஆன், இல்லன்னா ஆஃப்னு எழுதி ஓட்டுங்க. பட்டப்பகல்லயும் நடு ராத்திரிலயும் சமத்தா இருக்கும். பொழுது சாயற நேரத்துல பாருங்க, கூத்து நடக்கும். எல்இடி பேய் பிடிச்ச மாதிரி மினுக்கும். சீரியல் மானிட்டரைப் பார்த்தா 349, 351, 348, 352ன்னு நம்பர் எல்லைக் கோட்டைத் தாண்டித் தாண்டி ஆடிக்கிட்டிருக்கும். வெளிச்சம்ங்கறது எப்பவும் கொஞ்சம் ஆடும், ரூம்ல எரியற சில லைட்டே செகண்டுக்கு 100 இல்ல 120 தடவ மினுக்கற வகை.

இதுக்குத் தீர்வு ரெண்டு எல்லை. 300க்குக் கீழ போனா ஆன் பண்ணு, 400க்கு மேல வந்தா ஆஃப் பண்ணு, நடுவுல இருந்தா முன்னாடி எப்படி இருந்துதோ அப்படியே இரு. ஹிஸ்டரீசிஸ்னு பேரு. கோட்ல எழுதறது சுலபம், ரெண்டு இஃப், எல்ஸ் எதுவும் கிடையாது, அவ்ளோதான். பத்து ரீடிங் எடுத்து சராசரி போட்டா இன்னும் நிதானமாயிடும்.

அப்பவும் சில பேருக்கு மினுக்கும். அவங்க எல்இடியை எல்டிஆருக்குப் பக்கத்துலயே சொருகியிருப்பாங்க. இருட்டாச்சுன்னு எல்இடி எரியுது, அந்த வெளிச்சம் எல்டிஆர் மேல படுது, ஆஹா விடிஞ்சுடுச்சுன்னு போர்டு அணைக்குது, அணைஞ்சதும் மறுபடி இருட்டு. தன்னோட லைட்டைத் தானே பார்த்து ஏமாறுது. எல்டிஆரைச் சுத்தி கறுப்புக் காகிதத்தைக் குழாயா சுருட்டி மாட்டி, எல்இடி இருக்கற பக்கம் பார்க்காம திருப்பி வைங்க. எரியறப்போ நம்பர் எவ்ளோ ஏறுதுன்னு அளந்து, ரெண்டு எல்லைக்கும் நடுவுல அதை விட அதிக இடைவெளி விட்டாலும் நிக்கும். தெருவிளக்கு சென்சாரை ஏன் விளக்கோட வெளிச்சம் நேரா படாத மாதிரி மேல் பக்கமா வைக்கறாங்கன்னு பசங்களைக் கேட்டுப் பாருங்க, இப்போ பட்டுனு சொல்லுவாங்க.

டிலேவை விட்டு வெளிய வாங்க

இனி பட்டனையும் எல்டிஆரையும் சேர்க்கலாம். பட்டனை அழுத்தினா பத்து செகண்ட் லைட்டு எரியணும், வெளிச்சம் இருந்தாலும் பரவாயில்ல. உடனே டிலே 10000ன்னு, அதாவது 10000 மில்லி செகண்ட் காத்திருன்னு, போடத் தோணும். போட்டா அந்த பத்து செகண்டும் போர்டு தூங்கிடும், நீங்க பட்டனை என்ன அழுத்தினாலும் காது கேக்காது, எல்டிஆரையும் பார்க்காது.

அதுக்குப் பதிலா மில்லிஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, போர்டு ஆன் ஆனதுல இருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆச்சுன்னு சொல்லும். பட்டன் அழுத்தின நேரத்தை ஒரு வேரியபிள்ல குறிச்சு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு சுத்துலயும் "இப்போதைய நேரம் கழித்தல் குறிச்ச நேரம் 10000ஐத் தாண்டிடுச்சா"ன்னு மட்டும் பாருங்க. எங்கேயும் நின்னு காத்திருக்க வேண்டாம், ஒரே நேரத்துல நாலு வேலை நடக்கும். அந்த வேரியபிளை மட்டும் அன்சைன்டு லாங் வகைல வைங்க. பழைய ஊனோவுல இன்ட் வகை போட்டா 32767 வரைக்கும்தான் கொள்ளும், அதனால 32 செகண்டு வரைக்கும் எல்லாம் சரியா ஓடி அதுக்கு அப்புறம் கோளாறு ஆரம்பிக்கும், கண்டுபிடிக்கறதுக்குள்ள தலை சுத்திடும். அன்சைன்டு லாங் கூட 49 நாள் சொச்சத்துல மறுபடி பூஜ்யத்துக்கு வரும், ஆனா நான் சொன்ன மாதிரி கழிச்சுப் பார்த்தா அதுலயும் பிரச்சனை வராது.

மோட்டார் சேர்க்கறதுக்கு முன்னாடி

லைட்டு சரியா ஓடினதும் அடுத்து திரைச்சீலையை இழுக்கலாம், ஃபேன் சுத்த வைக்கலாம்னு ஆசை வரும், வரட்டும். ஆனா எல்இடியை நேரா சொருகின மாதிரி மோட்டாரை பின்ல சொருகக் கூடாது. பின் குடுக்கறது அதிகபட்சம் 20 மில்லி ஆம்ப், குட்டி மோட்டாரே நூறு கணக்குல கேக்கும். நடுவுல ஒரு டிரான்சிஸ்டர் (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்), 2என்2222 மாதிரி, பின்ல இருந்து அதோட பேஸுங்கற காலுக்கு 1 கிலோ ஓம், மோட்டாருக்குக் குறுக்கால ஒரு 1என்4007 டையோடு (கரண்ட்டை ஒரு பக்கமா மட்டும் விடற சாமான்), அதோட வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். மோட்டாரை நிறுத்தற நொடில அதோட சுருள் எதிர்ப் பக்கமா ஒரு பெரிய வோல்டேஜைத் தள்ளும், டையோடு இல்லன்னா அது டிரான்சிஸ்டரைக் கொன்னுடும்.

சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கற மோட்டாரான சின்ன சர்வோன்னா டிரான்சிஸ்டர் வேண்டாம், மூணு ஒயர்தான். பிரவுன் கிரவுண்டு, சிவப்பு பவர், ஆரஞ்சு சிக்னல். ஆனா சர்வோ அசையறப்போ எல்லாம் போர்டு ரீசெட் ஆகி புரோகிராம் முதல்ல இருந்து ஓடுதுன்னா, அது பவர் பத்தாத அறிகுறி. சர்வோ திடீர்னு இழுக்கற கரண்ட்டுல 5 வோல்ட் கீழ விழுந்துடுது. சார்ஜ் பண்ற நாலு ஏஏ செல்லைத் தனியா வச்சு சர்வோவுக்கு மட்டும் பவர் குடுங்க, 4.8 வோல்ட் வரும், போதும். அந்த பேட்டரியோட மைனஸையும் போர்டோட கிரவுண்டையும் கண்டிப்பா ஒரு ஒயரால சேர்க்கணும், சேர்க்கலைன்னா சிக்னல் எதை வச்சு 0, எதை வச்சு 1ன்னு சர்வோவுக்குப் புரியாம துடிக்கும். அந்த சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்குப் போடாதீங்க. வோல்டேஜ் அதிகம்னு பார்த்து ஏமாறாதீங்க, அதால கரண்ட் தள்ள முடியாது, கொஞ்ச நேரத்துலயே படுத்துடும்.

சுவர் பிளக்ல வர்ற கரண்ட் பக்கம் மட்டும் போகவே போகாதீங்க. ரிலேங்கற மின்சார சுவிட்ச்சை வச்சு வீட்டு பல்பை எரிய வைக்கற வீடியோ ஆயிரம் இருக்கும். பிரெட்போர்டு அதுக்கு செஞ்சதே இல்ல. இந்த லைட்டை பெருசா பண்ணணும்னா 5 வோல்ட்ல ஓடற எல்இடி ஸ்ட்ரிப் இருக்கு, அதுவே ரூமுக்குப் போதும், அதுக்கும் ஸ்ட்ரிப்போட நீளத்தைப் பார்த்து தனி பவர் வேணும்.

ஓடலைன்னா

கோடைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒயரைப் பாருங்க. பத்துல எட்டு தப்பு அங்கதான்னு அடிச்சு சொல்லுவேன், எண்ணிப் பார்த்து சொல்லல, பார்த்துப் பார்த்து சலிச்சு சொல்றேன். பிளிங்கை மறுபடி போட்டு போர்டு உயிரோட இருக்கான்னு பாருங்க. மல்டிமீட்டரை வோல்ட்ல வச்சு பவர் லைன்ல நிஜமாவே 5 வருதான்னு பாருங்க. அப்புறம் யூஎஸ்பியைக் கழட்டிட்டு, பீப் அடிக்கற மோடுல ஒவ்வொரு ஒயரையும் ரெண்டு முனையில தொட்டுப் பாருங்க, ஜம்பர் ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கறது வெளிய தெரியவே தெரியாது. அறுந்த ஒயரை மறுபடி டப்பாவுல போடாதீங்க, தூக்கிப் போட்டுடுங்க, இல்லன்னா அடுத்த வாரம் அதே ஒயர் இன்னொருத்தர் உயிரை எடுக்கும்.

இது எல்லாம் சரின்னா கோடு. பின் நம்பர் ஒயரோட ஒத்துப் போகுதா, இஃப் உள்ள ஒரு சமக்குறி போட்டிருக்கீங்களா ரெண்டா (ஒண்ணு போட்டா கேள்வி கேக்காது, மதிப்பையே மாத்திடும், கம்பைலரும் வாயைத் திறக்காம விட்டுடலாம்), சீரியல் மானிட்டர்ல தாறுமாறான எழுத்து வருதுன்னா கோட்ல இருக்கற வேகமும் கீழ செலக்ட் பண்ணியிருக்கற வேகமும் ஒண்ணா. எந்த மாத்தம் பண்ணினாலும் ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. ஒயரையும் மாத்தி கோடையும் மாத்தி ஓடிடுச்சுன்னா எதனால ஓடிச்சுன்னு தெரியாது, நாளைக்கு அதே தப்பு வர்றப்போ மறுபடி முதல்ல இருந்து.

ரெண்டு மூணு பேரா சேர்ந்து பண்றீங்கன்னா, ஒருத்தர் ஒயர், ஒருத்தர் கீபோர்டுன்னு பிரிச்சுக்கிட்டு ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் மாத்திக்கோங்க. இல்லன்னா கோடு தெரிஞ்சவன் கடைசி வரைக்கும் கோடு, மத்தவங்க கடைசி வரைக்கும் வேடிக்கை.

லைட்டு ஒரு ராத்திரி முழுக்க ஒழுங்கா ஓடினதும் பிரெட்போர்டைக் கலைக்கறதுக்கு முன்னாடி மேல இருந்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க, கையாலயும் ஒரு படம் வரைஞ்சு எந்த பின்ல எதுன்னு எழுதி வைங்க, கோடுக்கு மேலயே கமெண்ட்டா அந்த 300, 400 எங்க இருந்து வந்துச்சுன்னு குறிச்சு வைங்க. அடுத்த வேலைக்கு எல்டிஆரை எடுத்துட்டு அதே இடத்துல ஒரு தெர்மிஸ்டரை (சூட்டுக்கு ஏத்த மாதிரி தடை மாறற ரெசிஸ்டர்) சொருகலாம், 10 கிலோ ஓம் வகையா இருந்தா அந்த ரெசிஸ்டரைக் கூட மாத்த வேண்டாம். விரலால பிடிச்சு சூடு பண்ணிப் பாருங்க, நம்பர் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்துட்டு எல்லைக் கோட்டை எங்க போடணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.